முப்பத்திநாலு டிகிரி ஃபிரிட்ஜ்

எனக்கு இருப்புக் கொள்ளாது. பஸ் கிளம்புவதற்குள் இறங்குவதற்கு எழுந்து நிற்கிற ரகம் நான். இப்படிப்பட்டவனை யாருக்கும் எதையும் சொல்லித்தர விடக்கூடாது. விட்டார்கள்.

தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் மருந்தாளுநர். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும், ஆறு மாத கோர்ஸ் முடித்தவன் என்பதால் (பாதி நாள் போகவே இல்லை, அது வேறு கதை) தினமும் மதியம் அரை மணி நேரம் ஊழியர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒழுங்காக வந்து உட்கார்ந்தவர் நர்ஸ் மெஹருன்னிஷா மட்டும்தான். தொண்டிக்காரர். தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் அவர் பொறுப்பில் இருந்தது. அதன் குளிர் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் நிற்க வேண்டும். தினமும் பார்த்து நோட்டில் எழுதிவைப்பார்.

மாத முடிவில் அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மெஹருன்னிஷா ஒற்றை விரலால் அடித்தார். ஒன்றாம் தேதி, நாலு டிகிரி. அடுத்த எண்ணைத் தேடினார். இரண்டாம் தேதி, ஐந்து டிகிரி. என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது.

"தள்ளுங்க சிஸ்டர், இம்புட்டு நேரமா? இங்கன பிடிச்சு இழுத்தா முப்பத்தொண்ணு வரைக்கும் அதுவே போட்டுக்கிரும்."

"நோட்டப் பாக்காம அதுக்கு எப்படி சார் தெரியும்?"

"கம்ப்யூட்டர் சிஸ்டர்!" என்றேன். (இதைவிட முட்டாள்தனமான பதிலை நான் இதுவரை சொன்னதில்லை.) தேதியையும் டிகிரியையும் மவுஸால் சேர்த்துப் பிடித்துக் கீழே இழுத்தேன். சரிபார்க்காமலே அனுப்பினேன். டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த புதன்கிழமை ஊசி போடும் நாள். வாசலில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருந்தார்கள். மாவட்ட அதிகாரி ஜீப்பிலிருந்து குதித்தார்.

"ஊசிய நிறுத்துங்க! ஏம்மா, முப்பத்திநாலு டிகிரில கெடந்த மருந்தையா பிள்ளைகளுக்குப் போடுற? இன்னைக்கே ஒன்ன சஸ்பெண்ட் பண்ணிருவேன்!"

அவர் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தேன். நாலு, ஐந்து என்று தொடங்கிய டிகிரியும் தேதியைப் போலவே நாளுக்கு ஒன்றாக ஏறி, முப்பத்தொன்றாம் தேதி முப்பத்திநாலில் நின்றது. ஒரே மாதத்தில் ஃபிரிட்ஜை அடுப்பாக்கியிருந்தேன்.

மெஹருன்னிஷா மேஜையிலிருந்து நோட்டை எடுத்தார். எதற்கும் முந்துகிற நான் அன்று மூன்று நொடி பிந்தினேன். அந்த மூன்று நொடிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். "நாந்தான் சார் இழுத்தேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சிஸ்டர் அதை நீட்டிவிட்டார். அதிகாரி நோட்டைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார் (நாலு டிகிரி), கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு யாருய்யா கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்தது?"

ஊசி தொடர்ந்தது. வகுப்பும் தொடர்ந்தது, சிஸ்டரின் வேகத்தில். இரண்டு மாதத்தில், எட்டு டிகிரியைத் தாண்டினால் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் சிவப்பாகும்படி அவரே செய்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு. எனக்குக் காய்ச்சல் என்றால் என் மகள் தெர்மாமீட்டரைத் தேடுவதில்லை, காலண்டரைப் பார்க்கிறாள்.

"இன்னைக்குப் பதினெட்டு, மூணக் கூட்டு. அய்யாவுக்கு இருபத்தொண்ணுதாம்மா!"

"அப்ப மாசக் கடைசி வரட்டும், மாத்திரை தாரேன்" என்கிறாள் என் மனைவி.