டாக்டரம்மா சொன்னது வேறு

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். அந்தக் காதுதான் அன்றைக்கு என் மானத்தை வாங்கியது.

என் ஆயுளில் ஒரே ஒரு தடவை மைக்கில் பேசியிருக்கிறேன். அதுவும் குடும்பக் கட்டுப்பாடு பிரசாரக் கூட்டத்தில். அப்போது எனக்கு ஏழு மாதம். வயிற்றில் இருந்தது நான்காவது. (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.)

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பெங்களூரில் ஜோகுபாளையத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். வீடு என்று சொல்வது மரியாதைக்காக. ஓர் அறை, அதன் பின்னால் அடுப்பு வைக்க ஓர் இடுக்கு, எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்து, பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்த எனக்குக் கன்னடம் சொல்லிக்கொடுத்தது அந்தக் குழாயடிதான். முதலில் வசவு வந்தது, அப்புறம்தான் பேச்சு வந்தது. வசந்தாவுக்கு ஆறு வயது, செல்வத்துக்கு நாலு, கலாவுக்கு ஒன்றரை. மூன்றும் ஒரே நேரத்தில் அழாது. ஒன்று ஓய்ந்தால் அடுத்தது ஆரம்பிக்கும், ஃபாக்டரி ஷிஃப்ட் மாதிரி.

எங்கள் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் ஃபிட்டர். தெருவில் வாலிபர் சங்கத்துச் செயலாளர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், சமூக சேவை செய்வார். (அதற்குக் குடித்தே தொலைத்திருக்கலாம் என்று எனக்குச் சில நாள் தோன்றும்.) எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பாடை கட்ட முதல் ஆள். யாருக்கு ரேஷன் கார்டு வேண்டுமென்றாலும் மனு எழுதித் தருவார். எங்கள் வீட்டில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

நான்காவது உண்டானது வெளியே தெரிந்ததும் ஊரே விசாரணைக் கமிஷன் வைத்தது. பால்காரம்மா, ரேஷன் கடை க்யூவில் நிற்கிறவர்கள், என் கூடப் பிறந்த தங்கச்சி, எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி.

"இன்னா பாக்கியம், மறுபடியுமா?"

ஏதோ நான் மட்டும் தனியாக மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிவந்த மாதிரி! அவரை ஒருத்தர் கேட்கவில்லை. அவருக்கு முதுகில் தட்டுதான் கிடைத்தது. சங்கத்தில் யாரோ "சிங்கம்யா நீ" என்றாராம். அதை வேறு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"எல்லாம் கடவுள் குடுக்கறது பாக்கியம்" என்றார்.

"அந்தக் கடவுளுக்கு இந்த லைன்ல நம்ம வூட்டு நம்பர் மட்டும்தான் தெரியுமா?" என்றேன்.

"சங்கத்துக்கு நேரமாச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்படி வெந்துகொண்டிருந்த என்னிடம் ஒரு சனிக்கிழமை வந்து, குரலில் சர்க்கரை போட்டுப் பேசினார்.

"நாளைக்கு சாயங்காலம் ஸ்கூல் மைதானத்துல சினிமா காட்டறாங்க பாக்கியம். வேன் வருது. கொழந்தைங்க ஆரோக்கியத்தப் பத்தி ஒரு டாக்டரம்மா பேசுவாங்க. பால் பவுடர் குடுப்பாங்க. நீ நம்ம லைன் பொம்பளைங்கள எல்லாம் கூட்டிகினு வா. செயலாளர் வூட்டம்மாவே வரலைன்னா யாரு வருவாங்க? உனக்கு முதல் வரிசைல நாற்காலி."

சினிமாவுக்குக் கூட்டிப்போய் மூன்று வருஷம். நாற்காலி என்று வேறு சொன்னார். நான் உட்கார்ந்தே பல மாதம் ஆகியிருந்தது. சரி என்றேன். இன்றைக்கும் அந்தப் பாக்கியத்தை நினைத்தால் இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினேன். ஆறு கஜமும் வயிற்றைச் சுற்றவே சரியாக இருந்தது, கொசுவத்துக்கு மிச்சமில்லை. செல்வத்துக்கு ஒரு கால் செருப்புதான் கிடைத்தது. இன்னொன்றைக் கலா தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் துடைத்து, கட்டி, வாரி, பக்கத்து வீட்டு முனியம்மாக்கா உட்பட பதினோரு பெண்களைத் திரட்டிக்கொண்டு, ஏதோ ஊர்வலத்தின் தலைவி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். பக்கத்தில் மேடை. தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கி. அந்த ஒலிபெருக்கிச் சத்தம் ஒரு பக்கம் அல்சூர் ஏரி வரை, இன்னொரு பக்கம் தொம்மலூர் வரை போகும் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு அதே ஒலிபெருக்கியில்தான் பாட்டுப் போடுவார்கள். மேடைக்குப் பின்னால் துணியில் 'அளவோடு பெற்றால் வீடு செழிக்கும்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த முனியம்மாக்கா என் வயிற்றைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"பாக்கியம், இது அந்தக் கூட்டம் இல்ல?"

அந்தக் கூட்டமேதான். முதல் வரிசையில், நட்டநடு நாற்காலியில், ஏழு மாத வயிற்றோடு, மடியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு என்று நான்! செய்யக் கூடாததற்கு உதாரணமாகக் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி. எழுந்து போகலாமென்றால் பின்னால் முந்நூறு பேர். மேடையில் எங்கள் வீட்டுக்காரர், கழுத்தில் துண்டோடு, என் பக்கம் திரும்பாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக்குக் கூரையே இல்லை.

டாக்டரம்மா வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான முகம். கன்னடத்தில் பேசினார். அதைத் தமிழில் எடுத்துச்சொல்ல மைக் முன்னால் வந்தவர் யார் என்றா கேட்கிறீர்கள்? செயலாளர்தான். மூன்றுக்கு அப்பன், நான்காவதற்கு அச்சாரம் போட்டவர்.

அடிக்கடி பிள்ளை பெற்றால் தாயின் உடம்பு தேறாது என்று டாக்டரம்மா ஒரு வரி சொன்னார். இவர் தொண்டையைச் செருமினார்.

"தாய்மார்களே! அடுத்தடுத்து மகவு ஈன்றால் அன்னையின் அங்கம் அல்லலுறும், ஆவி அலைபாயும் என்று அம்மையார் அறிவுறுத்துகிறார்!"

கை தட்டினார்கள். என் அங்கம் அல்லலுறுவது ஏழு வருஷமாக இவர் கண்ணில் படவில்லை. மேடையில் பட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதுவரை பொறுத்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து டாக்டரம்மா விரலை உயர்த்தி, ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து, அழுத்தமாகச் சொன்னார்.

"கண்டசரூ யோச்சனெ மாடபேக்கு!"

ஆண்களும் யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். எல்லாப் பாரத்தையும் பெண்டாட்டி தலையில் போடாதீர்கள், இது உங்கள் பொறுப்பும்தான் என்று அதற்கு மேலும் இரண்டு வரி சொன்னார். என் காது அப்படியே குத்திட்டு நின்றது. இவர் எப்படிச் சொல்லப்போகிறார்?

இவர் ஆண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சங்கத்து ஆட்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். மைக்கைப் பெண்கள் பக்கம் திருப்பினார்.

"பெண்களே! நீங்கள் சிந்திக்க வேண்டும்! பொறுப்பு உங்களுடையது என்கிறார் அம்மையார்!"

அப்புறம் நடந்தது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. கலாவை முனியம்மாக்கா மடியில் போட்டுவிட்டு எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"பொய்யி! டாக்டரம்மா அப்படிச் சொல்லல!"

எங்கள் வீட்டுக்காரர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "பாக்கியம், உக்காரு" என்றார்.

"உக்கார மாட்டேன். ஆம்பளைங்க யோசிக்கணும்னு அந்தம்மா சொல்றாங்க. நீங்க பொம்பளைங்க யோசிக்கணும்ங்கறீங்க. எனக்குக் கன்னடம் தெரியாதுன்னு நெனச்சீங்களா? கொழாயடில வந்து கேட்டுப் பாருங்க!"

டாக்டரம்மா என்ன ஏது என்று விசாரித்தார். கன்னடத்திலேயே சொன்னேன், குழாயடிக் கன்னடத்தில். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இவர் கையிலிருந்து மைக்கை வாங்கி என் பக்கம் நீட்டினார்.

"நீவே ஹேளி அம்மா."

நீங்களே சொல்லுங்கள் அம்மா! மேடை ஏறிவிட்டேன். டாக்டரம்மா சொன்ன அந்த மூன்று வரியை ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. அத்தோடு இறங்கியிருந்தால் நான் வீராங்கனை. எங்கே இறங்கினேன்? மைக்கில் என் குரல் மரத்து உச்சியிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. ஏழு வருஷமாக அந்த ஒரு அறை வீட்டில் யாருமே கேட்காத குரல். அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

"இவருக்கு உப்பு ஜாடி எங்க கீதுன்னு தெரியாது" என்று ஆரம்பித்தேன். ராத்திரி குழந்தை அழுதால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதைச் சொன்னேன். சங்கத்தில் அவசரக் கூட்டம் என்று போய் கேரம் ஆடுவதைச் சொன்னேன். பல்லிக்குப் பயந்து என்னை எழுப்புவதைச் சொன்னேன். தொம்மலூர் வரை கேட்கும் என்று தெரிந்தே, மீசைக்கு விளக்குக் கரி தடவுவதையும் சொன்னேன். (இது தேவையில்லாதது. இதற்கு மட்டும் நான் இன்றுவரை வருத்தப்படுகிறேன்.) ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் கோபத்தை இன்னும் ஏற்றியது.

"சிரிக்காதீங்க! எல்லாரும் என்னைத்தான மறுபடியுமான்னு கேட்டீங்க? இந்தப் புள்ள வேணாம்னு நான் சொல்லல. ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம். உனக்கு ஒடம்பு முடியுமான்னு ஒரு வார்த்த. யாரு கேட்டீங்க?"

சிரிப்பு நின்றது. அவர் தலை குனிந்து நின்றார்.

அந்த அமைதி இரண்டு நொடி இருந்திருக்கும். என்னைத் தேடி மேடை ஏறிய செல்வம், ஒற்றைச் செருப்புக் காலில் திரைக்கயிற்றைச் சிக்கவைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். திரை, திரையைத் தாங்கிய மூங்கில், மூங்கிலில் சுற்றியிருந்த மின்சார ஒயர் எல்லாம் அவன் பின்னாலேயே வந்தன. டாக்டரம்மா வெள்ளைத் துணிக்குள் மறைந்தார். வேனிலிருந்து பட்டென்று ஒரு சத்தம். புகை. சினிமா மிஷின் போயே போய்விட்டது.

"படம் இல்லியா?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் முன்னால் எனக்காகக் கலங்கிய அதே ஜனம் என்னைத் திட்ட ஆரம்பித்தது. குழந்தைகள் கூட்டமாக அழுதன. நான் கூட்டிவந்த பதினோரு பெண்களில் பத்துப் பேர் பால் பவுடர் வரிசைக்கு ஓடினார்கள். முனியம்மாக்கா மட்டும் கலாவைத் தூக்கிக்கொண்டு என் கூட நடந்தாள். திரைக்குள்ளிருந்து வெளியே வந்த டாக்டரம்மா கலைந்த தலையோடு என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். கூச்சலில், முதல் தடவையாக, எனக்குக் கன்னடம் காதில் விழவில்லை.

மூன்று நாள் எங்கள் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. வசந்தாதான் நடுவில் தந்தி ஆபீஸ். "அம்மா, அப்பா சோறு கேக்கறாரு." "அப்பா, அம்மா அடுப்பு மேல கீதுன்றாங்க." ஃபாக்டரியில் அவரை 'கரி மீசை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மீசையையே எடுத்துவிட்டார். குழாயடியில் என் முகத்தைப் பார்த்தாலே சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. ஆனால் கோபம் மட்டும் இறங்கவில்லை.

நாலாவது நாள் காலையில் கண் விழித்தால் குடத்தைக் காணோம். வெளியே பார்த்தேன். குழாயடி வரிசையில், பெண்களுக்கு நடுவில், மீசையில்லாத மூஞ்சியோடு, இடுப்பில் குடத்தை வைக்கத் தெரியாமல் நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் நகரவில்லை. பாதித் தண்ணீரை வேட்டியில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவர், குடத்தை இறக்கிவைத்து என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"உனக்கு இன்னா வேணும் பாக்கியம்?"

நான் எத்தனையோ தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். "தூக்கம்."

மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். மத்தியானம் வரை தூங்கினேன். (கலாவை எங்கே வைத்தோம் என்று பாதி வழியில் திரும்பி ஓடியதாக வசந்தா அப்புறம் சொன்னாள். அவர் தோளில்தான் இருந்தாளாம்.)

நான்காவதாகச் சாந்தி பிறந்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், லீவு போட்டு, சொல்லாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விட்டு வந்தார். வந்தவர் மெதுவாகப் படுத்துக்கொண்டு கஞ்சி கேட்டார். ஒரு வாரம் ஃபாக்டரிக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனார். "யோசிச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் புதுத் தொட்டில் கட்டவில்லை.

சாந்திக்குப் பத்து வயது இருக்கும்போது குழாயடியில் யாரோ பழைய கதையைச் சொல்லிவிட்டார்கள். குடத்தைத் தடாலென்று வைத்துவிட்டு அழுதுகொண்டே உள்ளே வந்தாள்.

"நான் வேணாம்னு மைக்ல சொன்னியாமே?"

மூலையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் திரும்பினார்.

"உங்கம்மா அப்படிச் சொல்லல. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்னு சொன்னா. நான்தான் கேக்கல. அவ்ளோதான்."

ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, இது நீ சொன்னதா, அப்பா மாத்திச் சொல்றதா?"

செல்வம்தான் முதலில் சிரித்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் வந்து சொன்னால் போதும், பேரப்பிள்ளைகள் உட்பட எல்லாரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் அந்த நாற்காலி ஞாபகம் வந்து, இப்போதும் கொஞ்சம் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.