நின்றுகொண்டே சுட்ட மோட்டாரும் தொட்டுப்பாரு அண்ணனும்

அன்றைக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தது மூன்று பேர்: நான், முதலாளி, 'தொட்டுப்பாரு' அண்ணன். இருந்திருக்க வேண்டிய மெட்ராஸ் சர்வீஸ் இன்ஜினியர் இல்லை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த நேரம். எலவனாசூர்கோட்டைக்கு அந்தப் பக்கம் மறியல்காரர்கள் வெட்டிய புளியமரம் ரோட்டில் சாய்ந்து கிடக்க, அவர் வந்த பஸ் அப்படியே திரும்பிவிட்டது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் தொட்டுப்பாரு அண்ணனின் புறங்கை படாத பொருளே கிடையாது. பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவது தொழில். தொட்டுப் பார்ப்பது பிறவிக்குணம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் நெற்றியைத் தொட்டு, "பயத்துல சுடுது, வேற ஒண்ணியும் இல்ல" என்று சபைக்கு அறிவித்தார். கல்வராயன் மலைக்கு மாவு மிஷின் பார்க்கப் போனபோது பஸ் பானெட்டைத் தொட்டு, "இது ஏறாது" என்றார். பாதி மலையில் பஸ் நின்றது. இறங்கித் தள்ளியவர்கள் டிரைவரை விட்டுவிட்டு அவரைத் திட்டினார்கள்.

எங்கள் பிரிண்டரில் எழுத்தடிக்கும் ஹெட்டை இடவலமாக இழுக்கும் ஸ்டெப்பர் மோட்டார் அன்று கொதித்தது. இழுக்கத் திணறி, கரும்பு விவசாயிகளின் பெயர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடித்தது. மறுநாள் மறியல் முடிகிறது; நாங்கள் அடித்துத் தரும் கரும்பு வெட்டு உத்தரவுச் சீட்டுகள் சாயங்காலமே வேண்டும் என்று சர்க்கரை ஆலையில் கறார்.

"அடிச்சுக் குடுக்கலன்னா ஆலை வேலையும் போச்சு, உன் வேலையும் போச்சு" என்றார் முதலாளி. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் சம்பளத்தை நம்பி அந்த மாதம்தான் அப்பா கூலிக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்ட அண்ணன் வந்ததும் ஈரச் சாக்கு கேட்டார். "பம்ப்செட்டுக்கு இதான் வைத்தியம்."

முதலாளி பிரிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "யோவ், கடன்ல வாங்கினதுய்யா!"

"செரி, ஓடறத நிறுத்து தம்பி. ஆறட்டும்."

நிறுத்தினேன். கொஞ்சம் கழித்துத் தொட்டவருக்கு முகமே மாறிவிட்டது. "இன்னாடா இது, நின்னுக்கினே சுடுது? ஒரு வேலையும் செய்யாம சூடாவுதே, எங்க மச்சான் மாதிரி!"

"நிக்கறப்பவும் கரண்ட் இழுத்து ஹெட்ட அசையாம புடிச்சுக்கும்ணா. புக்ல போட்டிருக்கு."

"நிக்கறதுக்கு எதுக்குடா கரண்டு? அணை!"

அணைத்தேன். ஹெட்டைக் கையால் தள்ளிப் பார்த்தார்; மேட்டில் ஏறும் வண்டிபோல முக்கி முக்கி நகர்ந்தது. அது ஓடும் கம்பியைத் தடவி, விரலை மோந்தார். "மொதலாளி, இன்னா சந்தன வாசன?"

"ஆயுத பூசைக்கு நான்தான் பொட்டு வெச்சேன்" என்றார் முதலாளி பெருமையாக. "வெளிய வெச்சா அழிஞ்சிடும்னு உள்ளாற கம்பில வெச்சேன்."

"பொட்டு நெத்தியில வெப்பாங்க. நீங்க அது நடக்கற வழியில வெச்சிருக்கீங்களே!"

காய்ந்த சந்தனத்தைத் தன் வேட்டி நுனியாலேயே சுரண்டித் துடைத்து, இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டார். பெயர்கள் வரிசைக்கு வந்தன. ஆனாலும் மோட்டாரை நம்பாமல், புறங்கையை அதன்மேல் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். "ம், அணை... ஆறிச்சு, போடு." சாயங்காலம் கடைசிச் சீட்டு வந்ததும்தான் கையை எடுத்தார். விரல் முட்டிகளில் கொப்புளம்.

"சுடலியாண்ணா?"

"சுட்டுச்சுதான். கைய எடுத்தா நீ அழுதுடுவ போல இருந்துச்சே!"

கூலியும் வாங்கவில்லை. களிம்பு வேண்டாம் என்று இழுத்துக்கொண்ட கையை விடாமல் பிடித்து, ஊதி ஊதி நான்தான் தடவிவிட்டேன். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு அந்தக் களிம்பு ட்யூப்தான்: நாலே முக்கால் ரூபாய்.