அக்கா சொன்ன ‘சரி’

“சரி” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள். சலூன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உதறிப் பார்த்தார்.

“இந்த கிறிஸ்துமஸுக்கு யாரும் யாருக்கும் பரிசு குடுக்க வேணாம்க்கா. வந்தமா, சாப்பிட்டமா, சிரிச்சமான்னு இருப்போம்” என்று அவர் சொன்னதற்குத்தான் அந்த ‘சரி’. அரைமணி நேரச் சண்டைக்குத் தயாராக, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு அல்லவா பேச உட்கார்ந்திருந்தார்!

தம்பியும் அதே கதைதான். “சரிண்ணே.” டொக்.

சலூன்காரருக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஊரை உட்காரவைத்தே முதுகு போனது. கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலி, இரண்டு வருடமாக அவரைப் பார்த்துக் கைநீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டிசம்பரும் அதற்கென்று சேர்த்ததைப் பரிசுகள் தின்றுவிடும். இந்த வருடம் விடுவதாக இல்லை.

மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “என்ன சொன்னாங்க உங்க அக்கா?”

“சரின்னுட்டா.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமேயா?” கத்தி நின்றது. “அப்ப நல்லதுதான்.”

அந்த ‘அப்ப’ அவர் காதுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

மணி என்ன என்று கேட்டால்கூட மறுத்துப் பேசுகிற அக்கா, ஒரே மூச்சில் சரி என்பதா? தான் வெறுங்கையோடு நிற்க, அவள் மட்டும் பை பையாக இறக்கினால்? “தம்பி வேணாம்னுதான் சொன்னான், எனக்குத்தான் மனசு கேக்கல” என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை அடுத்த பத்து வருடக் கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லுவாள்.

மறுநாள் இரண்டு பெட்டி கைக்குட்டை வாங்கினார். பரிசு இல்லை, முன்ஜாக்கிரதை. அவர்கள் கொண்டுவந்தால் எடுத்து நீட்டுவது; இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தானே மூக்கைத் துடைத்துக்கொள்வது.

அந்த வாரமே அக்கா புருஷன் முடிவெட்ட வந்தார். உட்கார்ந்ததும் ஒரு பெரிய பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

“என்ன அத்தான், பை?”

“ஒண்ணுமில்ல மாப்ளே. வெங்காயம்.”

“வெங்காயத்துக்கு ரிப்பன் கட்டியிருக்கு?”

“இப்பல்லாம் அப்படித்தான் விக்கிறான். நீ காதுகிட்ட பாத்து வெட்டு.”

காது தப்பியது அத்தானின் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினார். அவள் கைக்குட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அவ்ளோ பெரிய பைக்கு எதிர்ல இதையா வைக்கப் போறீங்க? அழுதா தொடச்சுக்கங்கன்னு குடுத்த மாதிரி இருக்குமேங்க.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற?”

“நான் எதுவும் சொல்லலப்பா. உங்க குடும்பம், உங்க மானம்.”

மானம் இஸ்திரிப் பெட்டியில் ஆரம்பித்தது. அக்காவுக்கு அது என்றால் அத்தானைச் சும்மா விடலாமா? ஒரு ஸ்வெட்டர். அக்கா வீட்டுக்கு மட்டும் செய்தால் தம்பி முகம் சுருங்கும். அவனுக்கு ஒரு பயணப் பை. அவனுக்கு இந்த வருடம்தான் கல்யாணமாகியிருந்தது. வந்த பெண்ணை விட்டுவிட முடியுமா? ஒரு கைப்பை. எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது முதுகு பிடித்துக்கொண்டது. கடைத்தெருப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அந்த நாற்காலி முகத்தில் எப்படி விழிப்பது?

கிறிஸ்துமஸ் அன்று வாசலிலேயே காவல் நின்றார். அக்கா இறங்கினாள், வெறுங்கை. அத்தான் இறங்கினார், கையை வீசிக்கொண்டு. தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். அவள் கையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

“வண்டியில எதையாவது மறந்துட்டு வந்துட்டியாக்கா?”

“என்னத்தடா மறக்க? நீதானே வேணாம்ன? சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்திருக்கோம்.”

சலூன்காரருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. யாரும் வாங்கவில்லை! கட்டிலுக்கு அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது. பில் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். மனதுக்குள் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்தேவிட்டார்.

சாப்பாடு முடிந்தது. எல்லாரும் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி விளக்குகளைப் பார்த்தாள், நட்சத்திரத்தைப் பார்த்தாள், பிறகு மரத்துக்குக் கீழே வெறும் தரையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

இந்த வீட்டில் அவளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ்.

சலூன்காரர் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். மூன்றாவது நிமிடம் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார்.

ஒரே கூச்சல். அத்தான், “அந்த ரிப்பன் பையில நெசமாவே வெங்காயம்தான் மாப்ளே” என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இரண்டு சுற்று நடந்தார். அக்கா, “வேணாம்னு சொல்லிட்டு நீ மட்டும் வாங்கியிருக்கியேடா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனைவி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாள். நாற்காலி போனால் போகிறது, இந்தச் சத்தத்துக்காக இன்னும் ஒரு வருடம் நிற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

தம்பி மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, வியப்பு தாங்காமல் அவர் மனைவி பக்கம் திரும்பினாள்.

“நீங்க எங்களுக்கெல்லாம் மொதல்லயே போன் பண்ணிச் சொன்னது அப்படியே நடந்துருச்சேக்கா! ‘பரிசு வேணாம்னு சொல்லுவாரு, மறுபேச்சு பேசாம சரின்னு மட்டும் சொல்லிடுங்க, மிச்சத்த அவர் சந்தேகமே பாத்துக்கும்’னு!”