மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே

கடவுள் மனிதனுக்கு இரண்டு கண்களைக் கொடுத்தது, ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்கட்டும் என்பதற்காகத்தான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். லாரிக்கு ஒரு ஸ்டெப்னி வைப்பதில்லையா, அந்த மாதிரி. அந்த நம்பிக்கை என் நிச்சயதார்த்தத்தன்று, அஸ்தினாபுரத்தில், இரு வீட்டார் முன்னிலையில், என் மானத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயில் ஏறி நகரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த குமாஸ்தா நான். பெண்ணின் பெயர் எஸ்தர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போனபோது, டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்குக் காபியைத் தூக்கி ஆற்றிக் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கொடுக்கும்போது முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள். (ஆஹா, என்ன நாணம்! அந்த நாணத்தின் லட்சணம் பின்னால் வரும்.) கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு எனக்கு வலது கண்ணில் ‘மெட்ராஸ் ஐ’ வந்தது. வருகிற சனியன் இரண்டு கண்ணிலும் வந்து தொலைத்தால் பரவாயில்லை, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்திருப்பேன். ஒன்றில் மட்டும் வந்தது. தெருவில் இருந்த அத்தனை பேரும் வைத்தியரானார்கள். ஒருவர் நந்தியாவட்டைப் பூவை ஒத்திக்கொள்ளச் சொன்னார், இன்னொருவர் வெங்காயச் சாற்றை விடச் சொன்னார். நான் இரண்டையும் செய்தேன். (முட்டாளுக்கு இரண்டு வைத்தியம்!) கண் கோவைப்பழமாகி, டாக்டர் தலையிலடித்துக்கொண்டு களிம்பைப் போட்டு, பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

“பொண்ணு வீட்டுக்குச் சொல்லி அனுப்பிடலாம்க்கா” என்றேன் கிரேஸ் அக்காவிடம்.

“சொன்னா தள்ளி வைப்பாங்கடா. தள்ளி வச்ச நிச்சயம் எங்க நடந்திருக்கு? பிரியாணிக்கு வேற சொல்லியாச்சு. பேசாம கூலிங் கிளாஸ் போட்டுக்கோ. ஸ்டைலாவும் இருக்கும்.”

அக்கா சொல்லி நான் கேட்காமல் இருந்த காரியம் எதுவுமில்லை. உருப்பட்ட காரியமும் எதுவுமில்லை.

குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கும்போதே ஆரம்பித்தது. பிளாட்பாரம் இன்னும் கீழே இருக்கிறது என்று நினைத்துக் காலை நீட்டினேன்; அது முன்னாலேயே வந்து என் பாதத்தை அறைந்தது. பெண் வீட்டு வாசலில் வருங்கால மாமனார் கையை நீட்டினார். நானும் நீட்டிப் பலமாகக் குலுக்கினேன். குலுக்கியது வெறும் காற்று. அவர் கை அரையடி தள்ளி, பாவம், காத்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணுக்கு மனிதர்கள் தெரிகிறார்கள், நிறம் தெரிகிறது, சட்டைப் பொத்தான் கூடத் தெரிகிறது. எது எவ்வளவு தூரத்தில் என்பது மட்டும் தெரியவில்லை. எல்லாம் காலண்டர் படத்தில் அச்சடித்தது போல ஒரே தட்டையாக இருந்தது.

உள்ளே ரோஸ்மில்க் கொடுத்தார்கள். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை ஸ்டூலின் மேல் வைத்தேன். ஸ்டூல் அங்கே இல்லை. மிச்ச ரோஸ்மில்க் முழுவதும் பக்கத்திலிருந்த போதகரின் வெள்ளை அங்கியில் இறங்கியது. “பரவாயில்லை தம்பி” என்றார் அவர், பரவாயில்லாத முகத்தோடு. எஸ்தரின் தங்கராஜ் சித்தப்பா மட்டும் வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் போட்டிருக்கும் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தபடி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜெபம் முடிந்தது. மோதிரம் போடும் நேரம். எஸ்தர் கையை நீட்டினாள். நான் குறிபார்த்துப் போட்டேன். விரலுக்கு இந்தப் பக்கம் போயிற்று. மறுபடி போட்டேன். அந்தப் பக்கம் போயிற்று. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம், கிட்டத்தில் பார்த்தாலாவது சரியாக வருமா என்று குனிந்தேன். கூலிங் கிளாஸ் நழுவித் தரையில் விழுந்தது. மோதிரமும் எங்கேயோ உருண்டது. பஞ்சும் பிளாஸ்திரியுமாக என் முகம் சபைக்குக் காட்சி கொடுத்தது.

“பாத்தீங்களா!” என்று எழுந்துவிட்டார் சித்தப்பா. “நான் அப்பவே நெனச்சேன். மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணு கெடையாது! குறையை மறைச்சுக் கல்யாணம் பண்ணப் பாக்குறீங்களே, இது அடுக்குமா?”

“ஐயோ, இது மெட்ராஸ் ஐ சார்! கண்ணு உள்ள இருக்கு!” என்று கத்தி, பிளாஸ்திரியைப் பிய்த்துக் காட்டினேன். உள்ளே இமைகள் களிம்பிலும் பீளையிலும் ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றன. சித்தப்பாவுக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

“தங்கராஜ், விடுப்பா” என்றார் எஸ்தரின் அப்பா. விநோதமாக, அவர் முகம்தான் வெளுத்திருந்தது.

“எப்படிண்ணா விடுறது? எங்க டாடி சேத்த பேரு என்னாவறது? இந்தச் சம்பந்தமே வேணாம்!”

போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் அக்காவை முறைத்தேன். (ஒரே கண்ணால்.) அப்போதுதான் எஸ்தர் பேசினாள்.

“சித்தப்பா, அவருக்கு ரெண்டு கண்ணும் இருக்கு.”

“உனக்கெப்படிம்மா தெரியும்?”

“ஒத்தக் கண்ணு பழகினவங்க இப்படித் தடவ மாட்டாங்க. நான் தலையை அசைச்சு அசைச்சுப் பாப்பேன். ரயில்ல போறப்ப கிட்ட இருக்கிற கம்பம் ஓடும், பல்லாவரம் மலை நின்னுகிட்டே வரும்ல? அந்த மாதிரி, வேகமா நகர்றது கிட்ட, மெதுவா நகர்றது தூரம். அதை வச்சு அளந்துக்குவேன். இவருக்கு ஒண்ணுமே தெரியல. ரெண்டு நாள் கூட ஆகியிருக்காது. புதுசு.”

“உனக்கா?” என்றாள் கிரேஸ் அக்கா.

“எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டதுலேர்ந்து எடது கண்ணு தெரியாது” என்றாள் எங்கள் பக்கம் திரும்பி. “சொல்லிடலாம்னு நான் அப்பாகிட்ட எவ்வளவோ சொன்னேன். சித்தப்பாதான் வேணாம்னாரு.”

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். மீசை கூடத் தொங்கிப்போயிற்று. இப்போது எழுந்துகொண்டது கிரேஸ் அக்கா. “அப்படின்னா குறையை மறைச்சது யாரு?” என்று ஆரம்பித்தாள். என் அப்பா செருப்பைத் தேடினார். சற்று முன்புவரை பெண் வீட்டார் முறிக்கவிருந்த சம்பந்தத்தை இப்போது எங்கள் வீட்டார் முறிக்கத் தயாரானார்கள்.

காபி ஆற்றிக் கொடுத்த அந்த நாணம் என்னவென்று எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. நல்ல கண்ணால் என்னை ஒழுங்காகப் பார்ப்பதற்காகத் திருப்பிய முகம் அது. என் மானத்தைக் காப்பாற்றத் தன் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டு, அவள் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

“எல்லாரும் வாயை மூடிக்கிட்டு அந்த மோதிரத்தைத் தேடுறீங்களா, இல்லையா?” என்று கத்தினேன். நான் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. போதகர் உட்பட அத்தனை பேரும் தரையில் குனிந்தார்கள்.

எடுத்தது எஸ்தர்தான். என் விரல்களுக்கு நடுவே அதைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்து, “கையை அசைக்காதீங்க, நானே வர்றேன்” என்று விரலை உள்ளே நுழைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மெட்ராஸ் ஐ அஸ்தினாபுரத்துக்குப் பரவியது. தங்கராஜ் சித்தப்பாவுக்கு மட்டும் இரண்டு கண்ணிலும். நான் அதற்காக ஜெபித்தேன் என்று சொல்வது அபாண்டம்.

எனக்குக் கண் சரியாகி இத்தனை வருஷமாயிற்று. இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டே சைக்கிளைச் சுவரிலும், பிறகு ஸ்கூட்டரை அதே சுவரிலும் மோதியாயிற்று. எஸ்தர் இன்றைக்கும் ஒரு முழ உயரத்தில்தான் காபி ஆற்றுகிறாள். வீட்டில் யாராவது ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தால் அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்கும்:

“அவர்கிட்ட குடுக்காதீங்க! பாவம், அவருக்கு ரெண்டு கண்ணு!”