எனக்கு வரவேண்டிய மன்னிப்பு

முதலில் தப்புச் செய்தவன் காஸ். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

காஸ் என்கிற காஸிமிர் என் பக்கத்து வீட்டுக்காரன். சிக்காகோவில் எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. இடுப்பொடியப் பனியை வாரி, தெருவோரம் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் பண்ணுகிறவன், அதில் ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். பனி உருகும்வரை அந்த இடம் அவனுடையது. திருடன்கூட அந்த நாற்காலியைத் தொடமாட்டான். காஸ் தொட்டான். எடுத்து என் வாசலில் வைத்துவிட்டு, என் இடத்தில் அவன் காரை நிறுத்தினான்.

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்கட்டும், பேசுகிறேன். எத்தனையோ பனிக்காலம் போயிற்று. காஸ் கேட்கவில்லை. எனக்கு அவசரமும் இல்லை. ஆள் எங்கே போய்விடப் போகிறான், பக்கத்து வீடுதானே என்று இருந்தேன்.

போன மாசம் என் மனைவி ஹலினா ஒரு செய்தி கொண்டுவந்தாள். காஸ் வீட்டை விற்றுவிட்டானாம். அரிசோனாவில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போகிறானாம். ஞாயிற்றுக்கிழமை விமானமாம்.

எனக்குப் பகீர் என்றது. அப்படியானால் என் மன்னிப்பு?

இந்த நேரம் பார்த்துக் கடையில் வேறு ஒரு கூத்து. நான் ஹார்டுவேர் கடைக் கல்லாப்பக்கம் நிற்கிறவன். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர்கள் முதலாளியிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். ஆணி வாங்க வருகிறவனுக்கு என் முகம் எதற்கு? முதலாளி என்னைத் திட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாடகக்காரப் பெண்ணைக் கூட்டிவந்துவிட்டார். பெயர் மாரிசோல். வசனம் எதுவும் எழுதாமல், மேடை ஏறி அந்த நிமிஷமே இட்டுக்கட்டி ஆடுகிற நாடகம். எங்கள் ஊரில் பெட்டிக்கடை எத்தனையோ அத்தனை கொட்டகை அதற்கு உண்டு. அதை விளையாடினால் மனசும் லேசாகும், வேலையும் நன்றாக நடக்கும் என்றாள்.

விளையாட்டுக்கு ஒரே விதி. எதிராளி எதைச் சொன்னாலும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. 'ஆமா, அப்புறம்' என்று ஏற்றுக்கொண்டு, நம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

மறுநாள் ஒரு பெண்மணி வந்து, நீ கொடுத்த குழாய் ஒழுகுகிறது என்று கத்தினாள். "ஆமா, அப்புறம் அதுக்குக் கீழ வைக்க நல்ல வாளி ஒண்ணு இருக்கு" என்றேன். சிரித்துவிட்டாள். குழாயை மாற்றிக்கொண்டு, வாளியையும் வாங்கிக்கொண்டு போனாள். முதலாளி என் முதுகில் தட்டினார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்படி ஒரு விதி இருக்கும்போது நான் ஏன் காஸின் வாயை எதிர்பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்? ஹலினாவைக் காஸாக நடிக்கச் சொல்வேன். நடந்ததைச் சொல்வேன். அவள் மறுக்க முடியாது. போலிக் காஸ் கேட்டாலும் மன்னிப்பு மன்னிப்புதானே.

அன்று சாயங்காலம் அவள் பீட்ரூட் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். விதியை விளக்கினேன். நாங்கள் கடையில் ஒரு நாள் முழுக்கப் படித்ததை அவள் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, காஸ் மாதிரியே மூக்கைச் சொறிந்தாள்.

"என் நாற்காலிய எடுத்தது நீதானே?" என்றேன்.

"ஆமா, நான்தான். அப்புறம், அன்னைக்கு ஸ்டெல்லாவ ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். தெருமுனையிலருந்து நடக்க அவளால முடியல."

ஸ்டெல்லா காஸின் மனைவி. அந்தப் பனி உருகும் முன்பே கண்ணை மூடிவிட்டாள். அது எனக்குத் தெரியாதா? தெரு முழுக்கத் தெரியும். என் கோபம் அதற்கில்லை. ஆனால் விதி விதிதான்.

"ஆமா," என்றேன். "அப்புறம், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாற்காலிய நானே எடுத்திருப்பேன். அவளையும் தூக்கிட்டு வந்து உள்ள விட்டிருப்பேன். நீ ஏன்டா கேக்கல?"

ஹலினா மூக்கைச் சொறிவதை விட்டுவிட்டாள்.

"ஆமா, கேக்கல," என்றாள். "அப்புறம், கதவத் தட்டினா நீ என்னாச்சுன்னு கேப்ப. டாக்டர் சொன்னத உங்கிட்ட சொல்லணும். சொன்னா அழுதுடுவேன். காருக்குள்ள அவ பாத்துட்டே இருந்தா."

இது விளையாட்டே இல்லை. காஸ் என்றைக்கோ அவளிடம் சொல்லியிருக்கிறான். இத்தனை பனிக்காலமாக அவள் அதை எங்கே வைத்திருந்தாளோ. ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால், காஸ் பெயரை எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லியிருப்பாள். அதனால் கேட்கவில்லை.

சூப் கொதித்தது. என் முறை. 'இல்லை' சொல்லக்கூடாது. எதையாவது சேர்க்கவும் வேண்டும்.

"ஆமா," என்றேன். "அப்புறம்... ஞாயித்துக்கிழமை விமானத்துக்கு உன்ன நானே கொண்டு விடறேன்."

"ஆமா," என்று ஹலினா எழுந்தாள். "அப்புறம் அதக் காஸ்கிட்ட இப்பவே சொல்லிட்டு வரேன்." கோட்டை மாட்டிக்கொண்டு நிஜமாகவே போய்விட்டாள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நான் கத்தியது கதவுக்குத்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காஸ் ஒரு பெட்டியோடு வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். ஹலினா பின்னால். வழியெல்லாம் அவன் பனியைப் பார்த்தான், நான் சாலையைப் பார்த்தேன். ஆள் இளைத்துப் போயிருந்தான். என்னைவிட மூத்தவன் மாதிரி தெரிந்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒன்றாகப் படிப்பை விட்டவர்கள்.

விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். அவன் அதை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரோமன், அன்னைக்கு அந்த நாற்காலி விஷயத்துல நான்..."

வந்துவிட்டது. காத்திருந்தது வாசல்வரை வந்து நிற்கிறது. ஆனால் அவன் உதடு நடுங்கியது. கண் நிறைந்துவிட்டது. அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது?

"இல்ல, இல்ல," என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். விமானம் போயிடும், போ."

காஸ் என்னைக் கட்டிப்பிடித்தான். மன்னிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு உள்ளே போனான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

காரில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வாரம் முழுக்க 'இல்லை' சொல்லாமல் இருந்தவன், சொல்லக்கூடாத ஒரே இடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறேன். என் மன்னிப்பு அரிசோனாவுக்குப் பறக்கிறது. அது இன்னும் எனக்கு வரவேண்டியதுதான். நான் விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஹலினா முன்னிருக்கைக்கு மாறி உட்கார்ந்து, என் கழுத்துத் துணியைச் சரிபண்ணினாள்.

"காஸ் ரொம்பப் பயந்தார், பாவம்," என்றாள். "வாயத் திறந்தா மட்டும் போதும், மீதிய ரோமனே சொல்ல விடமாட்டார்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."