பிள்ளையாருக்கு வந்த சம்மன்

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் நாளைக்கே பாண்டி பஜாரில் தலைகீழாக நடக்கிறேன். சத்தியம், சத்தியம், சத்தியம்!

தொண்ணூற்று நாலாம் வருஷம். மயிலாப்பூர் பஞ்சாட்சரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அப்பா உத்தியோகம். மனைவி சூடாமணி கோபித்துக்கொண்டு நங்கநல்லூர் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு வயசு மாளவிகாவை வாரத்துக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்ப நீதிமன்றம் பெரிய மனசு பண்ணியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை குழந்தை தாத்தாவிடம், "நேத்து அப்பா என்னைக் குட்டிக்கச் சொன்னாரு, தோப்புக்கரணம் போடச் சொன்னாரு" என்றது. "பிள்ளையார் கோயில்ல" என்று அது முடிப்பதற்குள் வக்கீலுக்குப் போன் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரத்து. விசாரிக்கக் கோர்ட் அனுப்பிய அதிகாரி சுப்புராயன். பெங்களூரில் மூன்று நாள் குழந்தை மனோதத்துவம் படித்து, சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணிக் கையோடு கொண்டு திரிபவர்.

"பாப்பா, தலையில குட்டு விழுந்துச்சா? ஆமாவா, இல்லையா?"

"நானே குட்டிக்கிட்டேன் அங்கிள்."

"'நானே'க்குப் படிவத்துல இடம் இல்லம்மா. விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எத்தனை?"

"மூணு."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"பிள்ளையார் பாத்தாரு."

சுப்புராயன் எழுதினார்: 'மேற்படி சிறுமியின் சிரசில் மூன்று முறை குட்டப்பட்டது. கண்ணுற்ற சாட்சி: திரு. பிள்ளையார், தெப்பக்குளம் மூலை.'

பஞ்சாட்சரம் பதறிப்போனார். "சார், சாமி முன்னால எல்லாரும் குட்டிக்கிறதுதானே? நீங்களே காலையில குட்டிக்கிட்டுத்தானே வந்திருக்கீங்க, நெத்தி நிறைய விபூதி!"

"அது ஆபீஸ் நேரத்துக்கு முன்னாடி சார்."

சம்மன் கிளம்பியது. கோர்ட் அமீனா காதர் அதைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"இது இன்னா கூத்துன்னு எனக்கே தெரியுது நைனா. ஆனா சம்மன் சம்மன்தானே? குருக்களே, இவரு கையெழுத்துப் போடுவாரா?"

"நாலு கை இருக்கு. இதுவரைக்கும் போட்டதில்லை."

காதர் கடமை தவறாதவர். 'சாட்சி நேரில் இருந்தார். பெற்றுக்கொள்ள மறுத்தார். சுவரில் ஒட்டப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாட்சி ஆஜராகாததால் வாய்தா. அப்புறமும் வாய்தா. ஐந்து மாசம் பஞ்சாட்சரம் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் புதிதாக வந்த நீதிபதி குழந்தையைக் கூப்பிட்டு, "எப்படிம்மா குட்டினாங்க, காட்டு" என்றார். அது கையை மாற்றிவைத்துத் தன் நெற்றிப்பொட்டில் தானே மூன்று குட்டு குட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தாவும் பழக்கதோஷத்தில் குட்டிக்கொண்டார். ஒரே நிமிஷம், மனு தள்ளுபடி.

அடுத்த ஞாயிறு மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார் பஞ்சாட்சரம். அவள் இடது கையை நீட்டினாள். வலது கை விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கன்றியிருந்தது.

"என்னம்மா இது?"

"மிஸ் ஸ்கேலால அடிப்பாங்க. டெய்லி."

"இத்தனை பேர் வந்து கேட்டாங்களே, ஏன் சொல்லலை?"

"எல்லாரும் உன்னைப் பத்தி மட்டும்தானேப்பா கேட்டாங்க?"

புகார் கொடுத்தே தீருவது என்று துள்ளி எழுந்தார். விசாரிக்க யார் வருவார் என்று யோசித்தார். மறுபடி உட்கார்ந்தார். மகள் காதருகே குனிந்தார்.

"கண்ணு, இதை யார்கிட்டயும் சொல்லிடாதே."

"மிஸ்ஸும் இப்படித்தாம்ப்பா சொன்னாங்க."

கதையை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பேரை எடுக்காதீர்கள். சுப்புராயனுக்குப் பிரமோஷன் ஆகியிருக்கிறதாம், எனக்கோ வீட்டில் இரண்டு பேத்திகள்.