மெல்பேர்னிலிருந்து வந்த மணல் மூட்டைகள்

உலகத்தில் எல்லாரும் ஒரு காரியத்தை ஒரு முறைதான் செய்கிறார்கள். கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளோட்டம் அங்கிள் ஒருவர்தான் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்பவர். முதல் முறை, அது சரிவருமா என்று பார்ப்பதற்கு. இரண்டாம் முறை, அதைச் செய்வதற்கு. இக்கூற்றை மறுக்க விரும்புவோர் தாராளமாக மேடையேறலாம், சான்றுகளோடு காத்திருக்கிறேன்.

புதுத் தேர் செய்தால், சாமியை ஏற்றாமல் ஒரு நாள் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். தேருக்குரிய அந்தச் சொல்லை ஒரு மனிதருக்குச் சூட்டியவன் நானே என்பதைப் பணிவோடு, அதாவது எனக்கு இயன்ற அளவு பணிவோடு, தெரிவித்துக்கொள்கிறேன். பெயர் ஒரே வாரத்தில் ஊர் முழுதும் பரவியது. அவருடைய உண்மைப் பெயர் தபாற்காரருக்கு மட்டுமே தெரியும்.

முதற்சான்று, பஸ். கண்டி நகரத்துக்குப் போக வேண்டுமானால் அங்கிள் அம்பிட்டியவில் பஸ் ஏறி அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவார். அந்த பஸ் வளைவில் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று நின்று பார்ப்பார். திருப்தி ஏற்பட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி நகரத்துக்குப் போவார். நடத்துநர்கள் அவருக்கு ‘ட்ரயல் மாத்தயா’, அதாவது சோதனை ஐயா, என்று தங்கள் பங்குக்கு ஒரு பட்டம் கொடுத்து, முதற் பயணத்துக்குக் காசு வாங்குவதையும் நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாம் சான்று, தோடம்பழம். என் அப்பா சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அங்கிள் ஒரே ஒரு தோடம்பழத்துடன் பார்க்க வந்தார். என் அம்மா மலையகத்துப் புசல்லாவையில் பிறந்தவர். மனத்தில் பட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

“என்ன அங்கிள், ஒத்தப் பழத்தத் தூக்கிக்கிட்டு இம்புட்டு தூரம் வந்தீங்களா?”

“அவர் சாப்பிடுறாரோ எண்டு பாப்பம், தங்கச்சி.”

அப்பா சாப்பிட்டார். அங்கிள் எழுந்து போனார். சற்று நேரத்தில் ஒரு கூடை தோடம்பழத்தோடு திரும்பி வந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் அன்று பழம் கிடைத்தது.

கண்டியின் யானை ஊர்வலமான பெரஹராவையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊரே திரண்டு கடைசி இரவுகளின் பெரிய ஊர்வலத்துக்கு இடம் பிடிக்கும். இவரோ முதல் இரவுகளின் சிறிய ஊர்வலத்துக்குப் போய், எந்த மூலையில் இருந்தால் யானை முழுதாகத் தெரியும் என்று பார்த்துவிட்டு வருவார். “பெரஹராவே முதல் சின்னதாய் ஓடிப் பாத்திட்டுத்தான் பிறகு பெரிசாய் ஓடுது. என்னை மட்டும் ஏன் பகிடி பண்ணுறியள்?” என்று அவர் கேட்டபோது, விவாத மேடைகளில் அவையை வெல்லும் பேச்சாளன் என்று பெயர் பெற்ற நான் பேச்சை யானைகளின் பக்கம் திருப்பிவிட்டேன்.

இந்தக் குணத்துக்கு வேர் அவருடைய தொழிலில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் அவுஸ்திரேலியா போன அங்கிள், ஓய்வு பெறும்வரை மெல்பேர்னில் லிஃப்ட் சோதிப்பவராக இருந்தார். உயர்ந்த கட்டடங்களில் புது லிஃப்ட் பொருத்தினால், மனிதர் ஏறும் முன் மணல் மூட்டைகளை ஏற்றி மேலும் கீழும் அனுப்பிப் பார்ப்பது அவர் வேலை. ஒரு மூட்டை, பிறகு சில மூட்டை, பிறகு பல மூட்டை. அவர் தலையசைத்த பிறகுதான் மனிதர் காலெடுத்து வைக்கலாம். இரட்டைக் குடியுரிமை என்ற ஏற்பாடே இவரை எண்ணி உருவானதுதான் என்பது என் துணிபு: ஒரு நாட்டில் வெள்ளோட்டம், மறு நாட்டில் வாழ்க்கை.

ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தார். மகன் நல்லவன், கராஜுக்கு மேலே ஓர் அறை கட்டிக் கொடுத்திருந்தான். “சரிவரேல்லைத் தம்பி. அந்த அறையில நான் விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரனும் இல்லை” என்பார். யாழ்ப்பாணத்துக்கும் போய்ப் பார்த்தார். அங்கே சொந்தக்காரர் தொகை கூடவாம். ஒருவர் வீட்டில் ஒரு நாள் தங்கினால் மற்றவர்கள் எல்லாரும் கோபிப்பார்களாம், வெள்ளோட்டம் விட வழியில்லையாம். கடைசியில் அம்பிட்டியவுக்கு வந்து, மடவளை ஹாஜியாரின் சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் முழுதும் மழையிலும் வெயிலிலும் அதைச் சோதித்தார். வீடு பரீட்சையில் சித்தியடைந்தது. வாங்குவது என்று முடிவாயிற்று.

இங்கேதான் வினை தொடங்கியது. வீடு இங்கே, காசு அங்கே. மெல்பேர்ன் வீட்டை விற்ற பணம் முழுவதும், அதாவது லிஃப்டோடு ஏறி இறங்கிய அந்த ஆயுள் முழுவதும், அங்கேயொரு வங்கிக் கணக்கில் கிடந்தது. அதைக் கண்டிக்குக் கொண்டுவர வேண்டும். ஹாஜியார் எங்கள் வீட்டு வாசலில் வைத்தே அங்கிளிடம் தவணை சொல்லிவிட்டார்.

“ஐயா, கொழும்பாள் ஒருத்தர் ரெடிச் சல்லியோட நிக்கிறார். ஊட்ட ஒடச்சி ஹோட்டல் கட்டப் போறாராம். எனக்கு ஒங்களுக்குக் குடுக்கத்தான் விருப்பம். ஆனா வார மாசம் மொத வெள்ளி, ஜும்மாவுக்கு முந்தி முழுச் சல்லியும் வந்தீக்கணும்.”

இத்தனை பெரிய தொகையை வெள்ளோட்டம் விடாமல் அனுப்புவாரா அங்கிள்? முதலில் ஐந்து டொலர் அனுப்பினார். கண்டி வங்கிக்கு எதுவுமே வரவில்லை. விசாரித்ததில், வழியில் நின்ற வங்கிகள் தத்தம் கட்டணத்தை எடுத்துக்கொண்டன என்றும், எடுத்தபின் மிஞ்ச ஒன்றும் இருக்கவில்லை என்றும் தெரிந்தது. அங்கிள் மனம் தளரவில்லை.

“பாதை சரி தம்பி. காசுதான் வழிச்செலவுக்குக் காணாமல் போச்சுது.”

பிறகு ஐம்பது அனுப்பினார். வந்தது, மெலிந்துபோய். பிறகு எழுபது. பிறகு, ஐம்பது தற்செயலாக வந்திருக்கலாம் என்று மறுபடி ஐம்பது. மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஹாஜியார் தலையில் கைவைத்தார்.

“இது என்ன ஐயா, கண்ணுக்கு மருந்து ஊத்துற மாதிரி சொட்டுச் சொட்டா வருது! இப்பிடி வந்தா இந்த ஊட்டுட கக்கூஸக் கூட ஒங்களுக்கு வாங்கேலா!”

கக்கூஸுக்கும் காசு சேரும் முன் மெல்பேர்ன் வங்கி கணக்கைப் பூட்டிவிட்டது. காரணத்தைக் கேளுங்கள். பிறர் கணக்கைத் திருடுகிறவர்கள், முதலில் சிறு தொகைகளை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் முழுவதையும் அள்ளுவார்களாம். திருடனின் இலக்கணமும் அங்கிளின் இலக்கணமும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாயிருந்தன. நேர்மையாளர் ஒருவர் தம் சொந்தப் பணத்தைத் திருடுவதாகச் சந்தேகிக்கப்பட்ட வரலாறு அம்பிட்டியவுக்கே உரியது.

தவணைக்கு முந்திய திங்கட்கிழமை காலை, அந்த வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். அங்கிளின் கூடத்தில் நானும் அம்மாவும் ஹாஜியாரும் கூடியிருந்தோம். பேச்சு எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கப்பட்டது. உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. ஆயினும் அங்கிளின் ஆங்கிலம் யாழ்ப்பாணத் தமிழ் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்ததுதான் என்பதால் அதை மூல உடுப்பிலேயே தருகிறேன்.

“இந்தப் பணத்தை அனுப்பும்படி யாரேனும் உங்களை நெருக்குகிறார்களா?” என்று அவள் கேட்டாள்.

அங்கிளுக்குப் பொய் சொல்ல வராது. “ஓம். ஹாஜியார்.”

“அவரை நேரில் சந்தித்திருக்கிறீர்களா?”

“எனக்கு முன்னால கதிரையில இருந்து கேக் சாப்பிடுறார்.”

தம் பெயர் காதில் விழுந்த ஹாஜியார் கேக்குத் துண்டோடு எழுந்து, “நான் இங்கதான் ஈக்கிறேன் மிஸ், ஈக்கிறேன்! வெள்ளிக்கெழமைக்கு முந்தி அனுப்பச் செல்லுங்க!” என்று முழங்கினார். தமிழறியாத அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆணின் அதட்டல் மட்டும் கேட்டிருக்கும்.

“வேறு யார் அங்கே இருக்கிறார்கள்?” அவள் குரல் இறுகியது.

“பக்கத்து வீட்டுத் தம்பி. நான் என்ன மறுமொழி சொல்லவேணும் எண்டு கடதாசியில எழுதிக் காட்டிக்கொண்டு நிக்கிறார். நல்ல வடிவான எழுத்து.”

அவரைத் தனியே இருந்து பேசச் சொன்னாள் அவள். அடுத்த கணம் நாங்கள் மூவரும் வெளியேற்றப்பட்டோம். தூறலில் நனைந்தபடி ஜன்னலுக்கு அருகே நின்றோம். “இப்ப எங்கள ஏன் தொரத்துனாரு? நான் வாயே தொறக்கலியே!” என்று அம்மா என் காதைக் கடித்தார். அது உண்மைதான், அம்மாவின் வரலாற்றில் அரிய உண்மை.

உள்ளே, ஏன் சிறு தொகைகளாக அனுப்பினீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கிள் லிஃப்டில் தொடங்கினார். கம்பி வடத்தைச் சொன்னார், கதவைச் சொன்னார், மணல் மூட்டையைச் சொன்னார். “ஆளை ஏத்திறதுக்கு முன்னம் மூட்டையைத்தான் ஏத்தவேணும், பிள்ளை. காசெண்டு பாத்தால் இது என்ர முழுச் சீவியம். அதை எப்பிடி ஒரேயடியாய் ஏத்திறது?”

பிறகு அவள் கேட்டாள்: “மூட்டைகள் எல்லாம் ஏறி இறங்கிய பிறகு, மனிதர் எப்படி ஏறுவார்? முதலில் ஒரு கால், பிறகு ஒரு கை என்றா?”

“சீச்சீ. முழு ஆளாய்த்தான்.”

“அப்படியே அனுப்புங்கள்.”

பரிசுக் கேடய விவாதங்களில் நான் கேட்ட மறுப்புரைகள் பல. அவற்றுள் ஒன்றும் இதன் கால்தூசி பெறாது. அவள் கணக்கைத் திறப்பதாகச் சொன்னாள், ஒரு நிபந்தனையோடு. ஒரே அனுப்பல், முழுத் தொகை. இன்னொரு சிறு தொகை புறப்பட்டாலும் கணக்கு மறுபடி பூட்டப்படும்.

ஆக, வாழ்நாளில் முதன்முறையாக அங்கிள் ஒன்றை வெள்ளோட்டமில்லாமல் செய்ய வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை கணக்கிலக்கத்தை என்னை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் வாசிக்கச் செய்தார். பின்பு பெருவிரலை வெறும் மேசைமீது ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். அந்த ஒன்றை மட்டும் அவருக்கு மன்னித்துவிடுவோம். கண்ணை மூடிக்கொண்டு தொலைபேசியில் அழுத்தினார். பணம் புறப்பட்டது.

அம்மா தேநீர் கொண்டுவந்தபோதுதான் குண்டும் கூடவே வந்தது. “அங்கிள், வியாழக்கெழம போயாவாச்சே! பேங்கெல்லாம் பூட்டியிருக்குமே!”

எல்லாவற்றையும் சோதித்த மனிதர், போயா விடுமுறை தரும் பௌர்ணமியைச் சோதிக்க மறந்துவிட்டார். புதன் வந்தது, பணம் வரவில்லை. வியாழன் நாடே பூட்டிக் கிடந்தது. நிலா மட்டும் முழுதாக வந்து நின்றது. “லிஃப்ட் நடுவில நிண்டுட்டுது, தம்பி” என்றார் அங்கிள். அன்று அம்மா கொடுத்தனுப்பிய சோற்றை, வழக்கம்போல் ஒரு வாய் ருசி பாராமல், நேரே உண்ணத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. மதிலுக்கு அப்பால் அவர் இல்லாத அம்பிட்டியவை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை. ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு, ஜும்மாவுக்குப் போகும் வழியில் வந்து அமர்ந்தார். அங்கிளின் தொலைபேசி ஒரு முறை கீச்சிட்டது. அவர் அதைப் பார்க்காமலே என்னிடம் நீட்டினார்.

“தம்பி, நீர் பாரும். மூட்டையோ, ஆளோ?”

நான் பார்த்தேன். பூச்சியங்கள் வரிசையாக நின்றன. எத்தனையோ சபைகளை நடுங்க வைத்த என் குரல் அன்று தானே நடுங்கியது.

“ஆள்தான் அங்கிள். முழு ஆள்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்பாடா! இனிமேலாச்சும் சோத்த ருசி பாத்துச் சாப்புடுங்க!” என்றார். அங்கிள் கதிரையில் சாய்ந்து விட்ட மூச்சு மகாவலி ஆறு வரை கேட்டிருக்கும். ஹாஜியார், “அல்ஹம்துலில்லாஹ்!” என்று எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

“கொழும்பாளுக்கு இனி என்ன சொல்லுவியள்?” என்றார் அங்கிள்.

“அவருக்குப் போன மாசமே இல்லண்டு செல்லிட்டேனே.”

“பிறகேன் என்னை இந்தப் பாடு படுத்தினனீங்கள்?”

“தவண வெக்காட்டி நீங்க மவுத்தாகி மண்ணுக்குப் போகு மட்டும் அம்பது அம்பதா அனுப்பியீப்பீங்க. ஒங்களுக்கு மட்டுமா வெள்ளோட்டம்? நானும் ஒண்டு உட்டுப் பாத்தேன்!”

நொத்தாரிசுவின் முன்னிலையில் வீட்டு உறுதிப்பத்திரம் எழுதி முடிந்தது. ஒப்பமிடுமுன் அங்கிள் வேறொரு தாளில் பேனாவைக் கிறுக்கிப் பார்த்தார். ஆள் பழையபடி ஆகிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாயிற்று.

என் மேடைப் பேச்சுகளை எல்லாம் முதலில் கேட்பவர் அவர்தான். ஆகவே பத்திரிகைக்கென்று எழுதிய இந்தக் கட்டுரையையும் அவருடைய கூடத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார்.

“இவ்வளவு பெரிசை ஒரேயடியாய் அனுப்பப்போறீரோ, தம்பி? முதல் நாலு வரியில ஒரு பந்தியை அனுப்பிப் பாருமன். போய்ச் சேருதோ எண்டு பாப்பம்.”

அனுப்பினேன். கிடைத்தது என்று ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. மதிலுக்கு மேலால் எட்டி அதை அவரிடம் சொன்னபோது அவர் முகத்தில் பரவிய ஆறுதலைக் கண்டேன். இனிமேல் நான் எழுதுவது எதுவானாலும் இரண்டு முறையாகத்தான் அனுப்புவதாக இருக்கிறேன்.